கோச் கூப்பிடுறார், போகலாமா?

இந்த வருஷம் மட்டும் நாலு பேர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. மூணு பேர் இங்கே அமெரிக்காவிலேயே வளர்ந்த நம்ம வீட்டுப் பிள்ளைங்க. ஒருத்தன் சென்னையில பதினொண்ணாவது படிக்கிறான். "அண்ணா, ஒரு சின்ன காலேஜ் கோச் மெயில் போட்டிருக்கார். எங்க டீமுக்கு வர்றியான்னு கேக்கிறார். வீட்ல யாருக்கும் அந்தக் காலேஜ் பேர் கூடத் தெரியலை. போகலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் அடிச்சு விரல் தேயுது. அதனால மொத்தமா இங்கே கொட்டிடறேன்.

டிஸ்கி: நானும் அப்படி ஒரு சின்ன காலேஜில மூணாவது வருஷம். கிராஸ் கன்ட்ரி ஓடுறேன். எங்க ஆட்டத்துல முக்கியப் போட்டின்னா ஒரு டீமுக்கு ஏழு பேர்தான் ஓடலாம், அதுலயும் முதல் அஞ்சு பேரோட இடம்தான் கணக்கு. நான் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஊசலாடுற ஆள். ஆக, இது சாம்பியன் சொல்ற அறிவுரை இல்லை. காலேஜ் பேர் கேக்காதீங்க. கூடப் படிக்கிறவங்களுக்குத் தெரியும், அவங்க சும்மா இருந்தா போதும்.

முதல்ல இந்தப் பேர்க் குழப்பத்தை முடிச்சுடுவோம். நான் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்னு சொன்னதும் எங்க பெரியம்மா ஃபோன்ல கேட்டது: "ஏன்டா, மார்க் வரலையா?" நம்ம ஊர்ல ஆர்ட்ஸ் காலேஜ்னா இன்ஜினியரிங் சீட் கிடைக்காதவங்க ஒதுங்குற இடம்னு ஒரு நெனப்பு (அதுவே தப்பு, அது வேற பதிவு). இங்கே அந்தப் பேருக்கு அர்த்தம் வேற. பிசிக்ஸ், கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ், பொருளாதாரம், இசை எல்லாம் ஒரே கூரைக்கு அடியில. பிஎச்டி மாணவர் கூட்டம் கிடையாது, அதனால பாடம் எடுக்கிறது, பேப்பர் திருத்துறது எல்லாம் புரொஃபசரே. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், பொமோனா, கென்யன், கிரின்னல் எல்லாம் இந்த ஜாதி. மொத்தமே ஏறக்குறைய 2,000 பேர். நம்ம ஊர் பெரிய மேல்நிலைப்பள்ளி ஒண்ணுல இதைவிடக் கூட்டம் அதிகம். இந்த 2,000ங்கிற எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரும்.

அடுத்த கேள்வி எல்லா வீட்லயும் ஒண்ணுதான். "ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் எவ்வளவு தருவாங்க?"

சைபர்.

இந்தக் காலேஜ்கள்ல பெரும்பாலானவை என்சிஏஏ அமைப்போட டிவிஷன் 3ல ஆடுது. 1973ல என்சிஏஏ மூணு பிரிவா ஆனப்போ, விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் தராத காலேஜ்களுக்காக வந்தது இது. இன்னிக்கு 400க்கு மேல காலேஜ்கள் இதுல இருக்கு. 2025 ஜூன்ல கோர்ட் ஒப்புக்கிட்ட ஒரு சமரசத்தால டிவிஷன் 1 காலேஜ்கள் ஆட்டக்காரங்களுக்கு நேரடியாவே பணம் தரலாம்னு ஆயிடுச்சு. அந்தக் காசு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இங்கே உதவித்தொகை உண்டு. வீட்டு வருமானத்தைப் பார்த்துத் தருவாங்க, சில காலேஜ் மார்க்கைப் பார்த்தும் தரும். ஆனா இவன் நல்லா ஓடுறான்னு ஒரு டாலர் கூடச் சேர்க்கக் கூடாது. ஆடுறவங்களுக்கு எவ்வளவு போச்சு, மத்தவங்களுக்கு எவ்வளவு போச்சுன்னு வருஷா வருஷம் என்சிஏஏ கணக்கு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்குது.

அப்போ கோச் கையில என்னதான் இருக்கு? அட்மிஷன் ஆபீஸ்ல ஒரு வார்த்தை. பத்து பேர்ல ஒருத்தரைக் கூட எடுக்காத காலேஜ்கள் இதுல இருக்கு. அங்கே அந்த ஒரு வார்த்தை பெரிய விஷயம். நம்ம ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சர்டிஃபிகேட்டைக் கொண்டுபோய்க் காட்டுவோம், எந்த மட்டத்துல ஆடினோம்னு பார்த்து வரிசை போடுவாங்க. இங்கே கோச்தான் தன் பட்டியலோட அட்மிஷன் ஆபீஸுக்குப் போறார். பதினொண்ணாவது முடிஞ்ச கோடை விடுமுறையில உங்க மார்க் எல்லாத்தையும் அவர்கிட்ட கொடுத்தா, அவர் அதை உள்ளே காட்டி "இந்தப் பையன் தேறுவானா?"ன்னு கேட்டுச் சொல்வார். தேறுவான்னு வந்தா, அடுத்து அவர் கேக்கிறது எர்லி டிசிஷன். அதாவது இடம் கிடைச்சா வேற எங்கேயும் போக மாட்டேன்னு கையெழுத்து. பெரும்பாலும் நவம்பர் முதல் தேதியோ பதினஞ்சாம் தேதியோ கடைசி நாள்.

இதுல ரெண்டு எச்சரிக்கை, சுருக்கமா. கோச் எவ்வளவு அடிச்சுச் சொன்னாலும் இடம் கொடுக்கிறது அட்மிஷன் ஆபீஸ், அவர் இல்லை. ரெண்டாவது, அந்தக் கையெழுத்துக்கு முன்னாடி நம்ம வீடு எவ்வளவு கட்டணும்னு காலேஜ்கிட்ட ஒரு உத்தேசக் கணக்கு கேட்டு வாங்கணும். இந்தியாவில இருந்து வர்றவங்களுக்கு இது உயிர் நாடி. வெளிநாட்டு மாணவர் பணம் கேக்கிறாரான்னே பார்க்காம எடுக்கிற காலேஜ்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஆம்ஹர்ஸ்ட் அதுல ஒண்ணு, 2022ல பௌடன் காலேஜும் அப்படி அறிவிச்சது. மத்த இடங்கள்ல உதவி கேக்கிறதே உங்க விண்ணப்பத்தைக் கொஞ்சம் கீழே தள்ளும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கோச்சோட அந்த ஒரு வார்த்தைக்கு ஆயுசு நீங்க உள்ளே வர்ற நாள் வரைக்கும்தான். வந்தப்புறம் நீங்க ஆடியே ஆகணும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஸ்காலர்ஷிப்பே இல்லாததால பிடுங்கறதுக்கும் ஒண்ணும் இல்லை. இன்னிக்கு ராத்திரி கோச்சுக்கு ஒரு மெயில் போட்டு "நான் வரலை சார்"னு சொன்னா, நாளைக்குக் காலையில உங்க ஃபீஸ் பில்லுல ஒரு எழுத்து மாறாது. எங்க வீட்ல இதைக் கேட்டு "ஐயோ, ஸ்காலர்ஷிப் இல்லையா"ன்னு சோகமா உட்கார்ந்தாங்க. என்னைக் கேட்டா டிவிஷன் 3ல இருக்கிற நல்ல விஷயமே இதுதான்.

அந்தக் கதவு திறந்தே இருக்கிறதால நெறைய பேர் அது வழியா வெளியே போறாங்க. என்கூட முதல் வருஷம் சேர்ந்தது ஒன்பது பேர், இப்போ ஓடுறது அஞ்சு. ஒருத்தனுக்குக் கால் எலும்புல விரிசல். ஒருத்திக்கு கெமிஸ்ட்ரி லேபும் பிராக்டிஸும் ஒரே நேரம். இன்னொருத்தன் நாடகத்துல விழுந்துட்டான். நாலாவது ஆள் காரணமே சொல்லலை, பிப்ரவரி மாசம் விடியக்காலையில பனியில ஓடிப் பார்த்தவங்களுக்குக் காரணம் கேக்கத் தோணாது :-)

அதனால காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது, டீமை விட்டுப் போனவன் அந்தக் காலேஜ்ல எப்படி வாழறான்ங்கிறதைத்தான் முதல்ல பார்க்கணும்னு நான் சொல்றேன்.

இங்கே எல்லாரும் சொல்ற ஒரு பரீட்சை உண்டு. "நாளைக்கே கால் உடைஞ்சு ஆட முடியாமப் போனாலும் இந்தக் காலேஜ்ல இருக்கப் பிடிக்குமா?"ன்னு உன்னையே கேட்டுக்கோன்னு ஸ்கூல் கவுன்சிலர்ல இருந்து டீம் கேப்டன் வரைக்கும் சொல்வாங்க. எனக்கு இது பாதிதான் ஒத்துக்கும். பதினேழு வயசுல எவனும் தன் கால் உடையும்னு நம்பறதில்லை. நம்பாத ஒண்ணைக் கற்பனை பண்ணி வர்ற பதில் "ஆமாம், பிடிக்கும்"னுதான் வரும். போதாததுக்கு, சினிமா மாதிரி கால் உடைஞ்சு விலகறவங்க ரொம்பக் கம்மி. பெரும்பாலானவங்க மெதுவா ஆர்வம் கரைஞ்சு போறவங்க. அவங்களைக் கற்பனை பண்ண வேண்டியதே இல்லை, ஒவ்வொரு காலேஜ்லயும் நேர்லயே இருக்காங்க.

எத்தனை பேர்னு கண்டுபிடிக்கிறது சுலபம். எல்லா காலேஜும் தன் டீம் பட்டியலை வருஷ வாரியா இணையத்துல வச்சிருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி முதல் வருஷம்னு போட்டிருக்கிற பேர்களை ஒரு தாள்ல எழுதுங்க. இந்த வருஷப் பட்டியல்ல நாலாம் வருஷத்துல அதுல எத்தனை பேர் இருக்காங்கன்னு பாருங்க. நான் பதினோரு காலேஜுக்கு இப்படி ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இடத்துல பன்னெண்டு பேர் வந்து பத்து பேர் நிக்கிறாங்க. இன்னொரு இடத்துல பதினாலு பேர் வந்து மூணு பேர். அந்த ரெண்டாவது கோச்தான் எனக்கு ரொம்ப அன்பா மெயில் போட்டுக்கிட்டிருந்தவர். பதினோரு பேர் எங்க சார்னு கேட்டேன். அதுக்கு அப்புறம் மெயில் கொஞ்சம் குறைஞ்சது.

இந்தக் கணக்குக்குப் பின்னால ஒரு பெரிய கணக்கும் இருக்கு. பணக்கஷ்டத்துல இருக்கிற பல சின்ன காலேஜ்களுக்கு டீம்ங்கிறது வகுப்பறையை நிரப்புற வழி. புதுசா ஒரு ஆட்டம் ஆரம்பிச்சா நாப்பது பேர் ஃபீஸ் கட்டி வருவாங்க. ஆட வாய்ப்பு கிடைக்குமாங்கிறது அடுத்த கதை. இது தப்புன்னு நான் சொல்லலை, ஆனா உங்களை எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு தெரிஞ்சு போறது நல்லது. அலபாமாவில பர்மிங்ஹாம் சதர்ன் காலேஜ் 2006ல டிவிஷன் 1ஐ விட்டு டிவிஷன் 3க்கு வர முடிவு பண்ணுச்சு, அடுத்த வருஷம் ஃபுட்பால் டீம் ஆரம்பிச்சது. 1856ல தொடங்கின அந்தக் காலேஜ் 2024 மே 31ந் தேதி பணம் இல்லாம மூடிட்டாங்க. அன்னிக்கு அவங்க பேஸ்பால் டீம் ஓஹையோவில டிவிஷன் 3 உலகத் தொடர்ல ஆடிக்கிட்டிருந்தது. இல்லாத காலேஜோட சட்டையைப் போட்டுக்கிட்டு அடுத்த நாளும் ஆடி ஜெயிச்சாங்க. படிக்கும்போது புல்லரிக்கும். ஆனா அந்த டீம்ல கீழ் வகுப்புப் பையன்கள், தொடர் முடிஞ்ச மறுநாள் வேற காலேஜ் தேடணும். அதே 2024ல நியூயார்க் மாநிலத்து வெல்ஸ் காலேஜும் மூடினாங்க, அறிவிப்பு வந்தது ஏப்ரல் கடைசியில.

காலேஜ் நல்லா இருந்தாலும் டீம் போகலாம். ஸ்வார்த்மோர் 2000 டிசம்பர்ல ஃபுட்பாலையும் மல்யுத்தத்தையும் ஒரே நாள்ல நிறுத்தினாங்க, பேட்மின்டனையும் கீழே இறக்கினாங்க. பணம் காரணம் இல்லை, அது வசதியான காலேஜ். அப்போ அங்கே மொத்தம் 1,400 பேர் அளவுக்குத்தான். எல்லா டீமுக்கும் ஆள் பிடிச்சா வகுப்புல மத்தவங்களுக்கு இடமே மிஞ்சாதுன்னு போர்டுல கணக்குப் போட்டாங்க. கணக்கு சரிதான்னு நான் நினைக்கிறேன். ஆனா ஆடறதுக்குன்னே கூப்பிட்டு வந்த பையன்கள் நடுவுல நிக்கும்போது அதைச் செஞ்ச விதம் எனக்கு ஒப்பலை.

இப்போ அந்த 2,000க்கு வருவோம். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் இருக்கிற நெஸ்காக் கூட்டமைப்புல ஃபுட்பால் டீமுக்கு 75 பேர் உச்ச வரம்பு. 2,000 பேர்ல பாதி ஆண்கள்னா, ஆண்கள்ல நூத்துக்கு ஏழரை பேர் அந்த ஒரே டீம். மிச்சிகன் யுனிவர்சிட்டியில இளநிலை மாணவர்களே 30,000க்கு மேல, அங்கே ஃபுட்பால் டீம் கடல்ல கரைச்ச பெருங்காயம். வில்லியம்ஸ்ல முப்பது டீமுக்கு மேல இருக்கு. கூட்டிப் பாருங்க. டிவியில வராத, டிக்கெட் விக்காத இந்தச் சின்ன காலேஜ்லதான் விளையாட்டு வகுப்பறைக்குள்ள ஆழமா வந்து உட்கார்ந்திருக்கு. ஷுல்மனும் போவெனும் 2001ல தி கேம் ஆஃப் லைஃப்னு எழுதின புத்தகத்தோட முக்கியமான வாதமே இதுதான். ஆம்ஹர்ஸ்ட் காலேஜ் 2002லயும் 2016லயும் தன் விளையாட்டைப் பத்தித் தானே குழு போட்டு அறிக்கை எழுதி வெளியிட்டது. ஆடுறவங்களுக்கும் ஆடாதவங்களுக்கும் நடுவுல இருக்கிற பிளவையும் அதுல மறைக்கலை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்தக் காலேஜ் மேல மரியாதை. மத்த காலேஜ்ல பிளவு இல்லைன்னு அர்த்தம் இல்லை, எழுதி வைக்கலை, அவ்வளவுதான்.

அந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியற இடம் டைனிங் ஹால். ஃபுட்பால் மேஜை, லக்ராஸ் மேஜை, நீச்சல் மேஜை. ஆடாதவங்களுக்கு மாணவர் பாஷையில ஒரு பேர் கூட உண்டு, 'நார்ப்'. ஆட்டத்துல இல்லாத சாதாரண ஆசாமின்னு அர்த்தம், பாதி கிண்டல். காலையில எழுந்து, ஓடி, சாப்பிட்டு, வகுப்பு போய், திரும்ப ஓடி, அதே இருபது பேரோட சாப்பிட்டு, அவங்களோடவே ஒரே வீட்ல தூங்கறவன் டீமை விட்டா ஆட்டம் மட்டும் போகாது, மேஜையும் போயிடும். 30,000 பேர் காலேஜ்ல வேற மேஜை தேடிக்கலாம். 2,000 பேர் ஊர்ல எல்லா மேஜைக்கும் பேர் எழுதி வச்சிருந்தா எங்கே போய் உட்காருவான்? எல்லா காலேஜும் இப்படி இல்லை. எங்க காலேஜ்ல ஓட்டக்காரங்க மேஜையில செல்லோ வாசிக்கிறவ ஒருத்தி ரெண்டு வருஷமா உட்கார்றா, ஏன்னு யாரும் கேட்டதில்லை.

கோச்சை நம்பி மட்டும் சேர்றதும் வேண்டாம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீமோட கிரெக் பாப்போவிச் தெரியுமில்லையா? அவர் 1979ல பொமோனா-பிட்ஸர் டீமுக்குக் கோச்சா வந்தவர். முதல் சீசன்ல 2 வெற்றி, 22 தோல்வி! 1986ல லீக் பட்டமே வாங்கிக் கொடுத்தார், 1988ல ஸ்பர்ஸுக்குக் கிளம்பிட்டார். 1987ல அவருக்காகவே சேர்ந்தவன் யாராவது இருந்திருந்தா அவன் நிலைமை என்ன?

ஆனா கோச் எப்படி ஆடச் சொல்றார்ங்கிறதைப் பார்த்தே ஆகணும். அயோவாவில கிரின்னல் காலேஜ் கூடைப்பந்து இதுக்கு நல்ல உதாரணம். டேவிட் ஆர்செனோங்கிற கோச் அங்கே ஒரு முறை கொண்டு வந்தார். ஹாக்கி மாதிரி அஞ்சஞ்சு பேரா சடசடன்னு மாத்திக்கிட்டே இருப்பாங்க, ஓயாம ஓட்டம், கண்டபடி மூணு பாயின்ட் ஷாட். பெஞ்சுல கடைசியில உட்கார்றவனுக்கும் ஆட வாய்ப்பு. அதே முறையிலதான் 2012 நவம்பர் 20ல ஜாக் டெய்லர் ஒரே மேட்ச்ல 108 ஷாட் அடிச்சு 138 பாயின்ட் எடுத்தார். உலகமே பேசுச்சு. மீதி பேர் அன்னிக்கு ஷாட் அடிக்கிறதை மறந்துட்டிருப்பாங்கன்னு எனக்குத் தோணும், அதை விடுங்க. நீச்சல்ல கென்யன் காலேஜ் ஆண்கள் 1980ல இருந்து 2010 வரைக்கும் தொடர்ச்சியா 31 தடவை டிவிஷன் 3 சாம்பியன். 2011ல அதே ஓஹையோவில இருக்கிற டெனிசன் யுனிவர்சிட்டி ஒரே ஒரு பாயின்ட்ல அதை முடிச்சு வச்சது. அப்படிப்பட்ட குளத்துல இருபத்தஞ்சாவது ஆளா நீந்தறது ஒரு வாழ்க்கை. ஆறாவது எட்டாவது இடத்துல வர்ற டீம்ல மூணாவது ஆளா நீந்தறது வேற வாழ்க்கை. எனக்கு ரெண்டாவது. உங்களுக்கு முதலாவது பிடிச்சா தாராளமா போங்க, ஆனா எதுன்னு முன்னாடியே தெரியணும்.

படிப்பு விஷயம் சுருக்கமா. ஒரு செமஸ்டர் வெளிநாட்டுல படிக்கணும்னா உங்க ஆட்டம் எந்த சீசன்னு பாருங்க. கிராஸ் கன்ட்ரி, சாக்கர் எல்லாம் இலையுதிர் காலத்தோட முடியும், வசந்தத்துல போயிடலாம். கூடைப்பந்து, நீச்சல் ரெண்டு செமஸ்டரையும் தொடும், போறது கஷ்டம். பிற்பகல் லேப் இருந்தா பிராக்டிஸுக்கு லேட்டா வரலாமான்னு கோச்கிட்ட கேக்காதீங்க, "ஓ, தாராளமா"ன்னுதான் சொல்வார். டீம்ல கெமிஸ்ட்ரி, பயாலஜி படிக்கிறவங்க எத்தனை பேர்னு கேளுங்க.

சென்னைத் தம்பி ஆடுறது ஸ்குவாஷ், அதனால அவனுக்காக ஒரு பத்தி. ஆண்கள் ஸ்குவாஷ் என்சிஏஏ-வுக்குக் கீழேயே வராது, தனி சங்கம். சின்ன காலேஜும் ஹார்வர்டு, யேலும் ஒரே மைதானம். ஹார்ட்ஃபோர்டுல இருக்கிற டிரினிட்டி காலேஜ் 1998ல இருந்து 2012 வரைக்கும் 252 மேட்ச் வரிசையா ஜெயிச்சது, கடைசியில யேல்கிட்டதான் தோத்தாங்க. அந்த டீம்ல இந்தியா, பாகிஸ்தான் பையன்கள் நெறைய ஆடினாங்க. ஆகவே தம்பி, உங்க மாமா "இதென்ன பேர் தெரியாத காலேஜ்"னு சொன்னா இந்த 252ஐச் சொல்லு. ஆனா அங்கே பத்தாவது ஆளா நிக்கிறதும் சாமானியம் இல்லை, அதையும் யோசிச்சுக்கோ.

கடைசியா, காலேஜைப் பார்க்கப் போகும்போது கோச் உங்களை டீம்ல ஒருத்தரோட ரூம்ல ஒரு ராத்திரி தங்க வைப்பார். எல்லாரும் அன்பா இருப்பாங்க, நல்லா சாப்பிட வைப்பாங்க. அவங்ககிட்ட ஒரே ஒரு உதவி கேளுங்க: "டீமை விட்டுப் போனவங்க யாராவது இருந்தா பேசலாமா?" நான் மூணு இடத்துல கேட்டேன். ஒரு இடத்துல பேச்சை மாத்தினாங்க. இன்னொரு இடத்துல "அவன் இப்போ எங்களோட பேசறதில்லை"ன்னாங்க. மூணாவது இடத்துல என்னைத் தங்க வச்சவன் சுவத்தை ரெண்டு தட்டு தட்டி "டேய், இங்கே வா, உன்னைத்தான் கேக்கிறாங்க"ன்னான். பக்கத்து ரூம்லயே இருந்தான். கையில நூடுல்ஸ் கிண்ணத்தோட வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினான், பாதி நேரம் கோச்சைக் கிண்டல் பண்ணிக்கிட்டு.